ஞாயிற்றுக்கிழமை வந்த மகள்

ஓவியர் எவுதால்த் இறந்து ஆறு வருஷம் கழித்து, அவர் கடைசிக் காலத்தில் வரைந்த படங்களை பார்சிலோனாவில் ஓர் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே மகள் நெயூஸ் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள், அடக்கத்துக்கும் போகவில்லை. இப்போது மனசு கேட்காமல், செவ்வாய்க்கிழமை காலை சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காவலுக்கு நின்ற ரெமெய் என்ற பெண் அவளைக் கண்டதும் சிரித்தாள்.

“என்னம்மா, இன்னிக்குத் தனியா? பெரியவரை வீட்லயே விட்டுட்டீங்களா?”

“எந்தப் பெரியவர்?”

“உங்க அப்பாதான். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்தீங்களே! படத்தைத் தொடாதீங்கன்னேன். ‘நான் பூசின சாயம், எனக்கே தடையா’ன்னு சண்டைக்கு வந்துட்டார் மனுஷன்.”

ஞாயிறு முழுக்க நெயூஸ் வேறு ஊரில், ஜிரோனாவில், தோழி வீட்டில் இருந்தாள்.

“ஆள் மாத்திச் சொல்றீங்க. நான் வரலை.”

“இதே பச்சைக் கோட்டுதான் போட்டிருந்தீங்க.”

அந்தக் கோட்டை அவள் நேற்று மாலைதான் வாங்கியிருந்தாள்.

“கடைசிப் படத்துக்கு முன்னால உக்காந்து ரொம்ப நேரம் பேசினீங்க,” என்றாள் ரெமெய். “அவர் அழுதார். நீங்க கண்ணைத் துடைச்சு விட்டீங்க.”

பயப்படுவதா பொறாமைப்படுவதா என்று நெயூஸுக்குத் தெரியவில்லை.

“நான் என்ன சொன்னேன்?”

“அதை நான் ஒட்டுக் கேக்கலாமாம்மா?”

நெயூஸ் கடைசிப் படத்தின் முன் போய் உட்கார்ந்தாள். மூடும் மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அன்று நல்ல கூட்டம். பெஞ்சில் பக்கத்து இடத்தைக் கேட்டவர்களிடமெல்லாம், “ஆள் வர்றாங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.