பதிமுக வெள்ளம்

"எடுத்துட்டுப் போப்பா இதை! எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

மாப்பிள்ளை ஆஷிக்கின் தாய்மாமா அல்தாஃப் போட்ட சத்தத்தில் மட்டாஞ்சேரிக் கல்யாண மண்டபமே திரும்பிப் பார்த்தது.

பிரியாணி பரிமாறியாகிவிட்டது. தட்டுக்குப் பக்கத்தில் டம்ளரில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர். பதிமுக மரச் சீவல் போட்டுக் கொதிக்க வைத்த, கொச்சிக்காரர்களுக்குப் பழகிய தண்ணீர்தான்; அவர்கள் பேச்சில் 'வெள்ளம்'.

பெண்ணின் அப்பா ஷாகுல் ஹமீது ஓடி வந்தார்.

"என்ன குறை அல்தாஃப் பாய்?"

"ஆளுக்கொரு பிளாஸ்டிக் குப்பியில வெள்ளம் வைக்க வழியில்லையா சம்மந்தி? இடப்பள்ளியில ஹோட்டல் நடத்தறவன் நான். அங்க யாரு வந்து உக்காந்தாலும் மேசையில குப்பி இருக்கும். குப்பி வர்ற வரைக்கும் எங்க ஆளுங்க ஒருத்தரும் கை நனைக்க மாட்டாங்க, கேட்டோ!"

மாப்பிள்ளை வீட்டார் பிரியாணியைத் தொடவில்லை. பெண்கள் பக்கம் செய்தி போய், மணப்பெண் ஷமீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் பந்தியில் பாதியில் எழுந்து போனால் எந்த முகத்தோடு புகுந்த வீட்டுக்குப் போவாள்?

ஷாகுல் ஹமீது கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"செலவுக்குப் பயந்து இல்ல பாய். அந்தக் காலத்துல முதல் நாளே தெருவுல பெரிய செம்பு அண்டாவை அடுப்புல ஏத்திருவோம். பதிமுகம் கொதிக்கிற வாசம் வந்தாதான் அது கல்யாண வீடு. இப்போ? ரெண்டு மடக்குக் குடிச்சுட்டுப் போட்ட குப்பி குவிஞ்சு கிடக்கு. எல்லாம் கால்வாய்ல போய் அடைச்சு, மழை பெஞ்சா சாக்கடை நம்ம வீட்டுக்குள்ள வருது. காசையும் கொடுத்துட்டு இந்தக் கஷ்டமா? என் மகள் கல்யாணத்துல அது வேண்டாம்னு நெனச்சேன்."

அல்தாஃப் முறைத்தபடியே டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். இளஞ்சூடாக இருந்தது. இன்னொரு வாய் குடித்தார். முகம் இளகிவிட்டது.

"படிக்கிற காலத்துல போட் ஜெட்டிப் பக்கம் ஒரு சாயாக்கடை. கையில காசிருக்காது. சாயா வேணுமான்னுகூடக் கேக்காம, சேட்டன் இந்த வெள்ளத்தைத்தான் நீட்டுவாரு. தாகத்துக்குக் காசு வாங்கக் கூடாதும்பாரு..." அவர் டம்ளரைக் காலி செய்து வைத்தார். "எல்லாத்தையும் மறந்துட்டேனே சம்மந்தி!"

பிரியாணியில் கை வைத்தார். மாப்பிள்ளை வீடு மொத்தமும் கை வைத்தது. ஷமீனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அல்தாஃப் அதோடு விடவில்லை.

"எல்லாரும் கேளுங்க! நாளையிலேருந்து என் ஹோட்டல்லயும் குப்பி கிடையாது. பதிமுக வெள்ளம்தான். அதுவும் காசில்லாம!"

பந்தியில் ஒரே ஆரவாரம். ஷாகுல் ஹமீதுக்கு மட்டும் வியர்த்துவிட்டது. அவசரமாகக் குனிந்து அல்தாஃபின் காதில் சொன்னார்:

"வீடு வேற, வியாபாரம் வேற பாய். உங்க ஹோட்டலுக்குக் குப்பி இறக்கற ஏஜென்சியில நானும் ஒரு பார்ட்னர்!"