மஞ்சள் கல்லின் உதறல்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிச் சுவர் வைத்த நீண்ட தொட்டிக்குள் ஓர் ஆறு ஓடுகிறது. அதன் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகக் கையால் பதித்தவள் மகள். நடுவே முட்டையளவில் ஒரு மஞ்சள் கல். நொடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வந்தால் அது நகரும் என்று கணக்குப் போட்டு, கண்ணாடியில் ‘42’ என்று எழுதியிருக்கிறாள். அறுபதுக்குக் கீழே அசையவே அசையாது என்று துறைத் தலைவர் கேலி செய்த எண் அது. பஸ் ஓட்டும் அம்மா, இரண்டு டிரிப்புக்கு நடுவே சீருடையோடு வந்து நிற்கிறாள். தண்ணீரின் வெளிச்சம் அவள் கன்னத்தில் நெளிகிறது. கல்லைப் படம்பிடிக்கும் கேமரா ஓடிக்கொண்டிருக்க, பம்பு ஆபரேட்டர் வால்வை இன்னும் கொஞ்சம் திறக்கிறார். மீட்டரில் நாற்பது. கல் இருந்த இடத்திலேயே உதறுகிறது. “கிளம்பப் போகுதுடி,” என்று கிசுகிசுக்கிறாள் அம்மா. “ஸ்டாப்புல நிக்கிற வண்டி இப்படித்தான் உதறும்.” நாற்பத்தொன்று. அம்மாவின் வலது கால் தரையை அழுத்துகிறது, ஆக்சிலரேட்டரை மிதிப்பதுபோல. டக்கென்று கல் புரள்கிறது. அதன் மறைவில் பதுங்கியிருந்த பொடிக்கற்கள் முண்டியடித்துக்கொண்டு பின்னால் ஓடுகின்றன. “நாப்பத்திரண்டு!” என்று கத்துகிறார் ஆபரேட்டர். “எம்பொண்ணு சொன்ன நம்பருங்க!” என்று அவர் தோளைப் பிடித்து உலுக்குகிறாள் அம்மா. பிறகு மகளிடம் திரும்புகிறாள். “எப்படிப் புரண்டுச்சு, பாத்தியாடி?” “அத கேமரா பாத்துக்கிச்சும்மா. நான் உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”