கூண்டு எதற்கு?

கிடங்கின் கூரையில் அணைந்துபோன விளக்கை, மாலையில் முதலாளி வருவதற்குள் மாற்றியாக வேண்டும். மேலாளர் ஃபோர்க்லிஃப்டின் முன்கரங்களில் சரக்கு ஏற்றும் மரத்தட்டு ஒன்றை வைக்கச் சொல்லி, எலக்ட்ரீசியனை அழைத்தார்.

"ஏறி நில்லுப்பா. டிரைவர் தூக்கி விடுவாரு."

எலக்ட்ரீசியன் அசையவில்லை. "ஆளைத் தூக்கணும்னா இரும்புக் கூண்டு மாட்டணும் சார். போன வருஷம் புதுசா வாங்கினாங்களே, அது எங்க?"

"அது எங்கயோ தொலைஞ்சு போச்சு. கூண்டு கேக்கறியே, நீ என்ன கிளியா?"

"கிளிக்கு எதுக்கு சார் கூண்டு? தவறினா பறந்துக்கும். எனக்குத்தான் றெக்கை இல்லையே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேலாளருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புது விளக்கைப் பிடுங்கிக்கொண்டு தாமே தட்டில் ஏறினார்.

"தூக்குய்யா! பயந்தாங்கொள்ளிங்க பாத்துக் கத்துக்கட்டும்."

டிரைவர் தூக்கினார். உச்சியில் மேலாளர் சற்றே எக்கியதும், தட்டு சறுக்கிக் கீழே விழுந்து நொறுங்கியது. அவர் கூரையின் இரும்புச் சட்டத்தைத் தாவிப் பிடித்து, எப்படியோ அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ஏணி எட்டாது சார். வேற தட்டு வைக்கட்டுமா?" என்றார் டிரைவர்.

"ஐயோ, தட்டு வேண்டாம்! கூண்டு வேணும்! உடனே என் வீட்டுக்குப் போன் போடு!"

கிடங்கே வாயைப் பிளந்தது. டிரைவர் எல்லோருக்கும் கேட்கும்படி போனை வைத்து, மேலாளரின் மனைவியிடம் நிலைமையை விளக்கினார்.

"அந்தக் கூண்டா? அதுல கோழி அடைக்கு உக்காந்திருக்கே! குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அவரையும் அங்கயே அசையாம உக்காந்திருக்கச் சொல்லுங்க."