நாற்பதாவது பெண்

முனியாயி வீட்டுக் கதவு இந்த முறை திறந்திருந்தது. நிலோபர் வாசலிலேயே நின்றாள். இன்றும் பூட்டியிருந்தால் பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம்.

உள்ளே ஒரு பெண் முந்தானையைத் தலையில் கட்டிக்கொண்டு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

“முனியாயி வீடு இதுதானேக்கா?”

“இதுதேன், உள்ள வா தாயி. நேத்து வந்திருந்தாக்கூடப் பூட்டித்தேன் கெடந்திருக்கும்.”

வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டு வந்திருப்பாள் போல என்று நினைத்துக்கொண்டாள் நிலோபர். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை. அந்தப் பெண் சாக்கை உதறி விரித்து, செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

“நான் மதுரைலருந்து வாரேங்க்கா. எகனாமிக்ஸ்ல பிஎச்.டி பண்றேன். உங்களுக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“எனக்கா? தாயி, நான்...”

“நடுவுல எதுவும் பேசாதீங்கக்கா. நிறுத்தினா அப்புறம் எனக்கு வாய் வராது.”

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நிலோபர் தலை குனிந்தபடியே சொன்னாள்.

அவளுடைய ஆய்வு, கூலியில்லாத வேலையைப் பற்றியது. தண்ணீர் தூக்குவது, சாணி அள்ளுவது, படுத்துக் கிடப்பவர்களைக் கழுவி விடுவது எல்லாம் நாட்டு வருமானக் கணக்கில் ஏறுவதே இல்லை. உசிலம்பட்டியைச் சுற்றி நாற்பது பெண்களைப் பார்த்து, அவர்களுடைய ஒரு நாள் மணிக்கு மணி எப்படிப் போகிறது என்று எழுத வேண்டும். பெயர்களை ஒரு பழைய மகளிர் குழுப் பட்டியலிலிருந்து எடுத்தாள்.

“பொருளாதாரப் புத்தகம் எழுதினவங்க இவங்களை விட்டுட்டாங்க. நீயும் யாரையும் விட்டுடாதே” என்று முதல் நாளே சொல்லியிருந்தார் வழிகாட்டி வசுந்தரா மேடம்.

முப்பத்தொன்பது பேரைப் பார்த்துவிட்டாள். நாற்பதாவது பெயர் முனியாயி. போன சித்திரையில் மூன்று தடவை வந்தும் வீடு பூட்டியே கிடந்தது; விசாரிக்க அக்கம்பக்கத்திலும் ஆளில்லை, எல்லோரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். மூன்றாவது தடவை, பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் நிழற்குடையில் உட்கார்ந்து படிவத்தைத் தானே நிரப்பிவிட்டாள். மற்றவர்கள் சொன்னதையெல்லாம் மனத்தில் வைத்து எழுதியதில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

“யாரும் கண்டுபிடிக்கலக்கா. அதான் என்னால தாங்க முடியல” என்றாள் நிலோபர். “தீசிஸைப் படிச்ச வெளியூர் புரொபசர், நாற்பதாவது பெண்தான் இந்த ஆய்வுக்கே உயிருன்னு எழுதியிருக்கார். மத்த யாரும் இம்புட்டுக் கோர்வையாச் சொல்லலையாம். மேடம் அதை டிபார்ட்மென்ட்ல எல்லார்கிட்டயும் வாசிச்சுக் காட்டுனாங்க. நான் நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தேன்.”

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“புதன்கிழமை வைவா. மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன். பட்டம் போனாலும் போகட்டும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு தோணுச்சு. உங்க வாழ்க்கையை உங்களைக் கேக்காமலே எழுதிட்டேன்.”

அந்தப் பெண் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, “எழுதுனத வாசி, கேப்போம்” என்றாள்.

நிலோபர் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள்.

“காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, தெருக்குழாயில ஆறு குடம் தண்ணி.”

“சரிதேன்.”

“கொட்டத்தைக் கூட்டி, சாணி அள்ளி, பால் கறந்து ஊத்துறது. எட்டு மணிக்குக் களை வெட்டப் போறது. மத்தியானம் ஒரு மணி நேரம் ஓய்வு. சாயங்காலம் புல்லுக்கட்டு, விறகு. ராத்திரி சமையல். மாமனாரைக் கழுவித் துணி மாத்திவிட்டு, பதினோரு மணிக்குப் படுக்கை.”

அந்தப் பெண் கண்ணை மூடியிருந்தாள். “கூடவே இருந்து பாத்த மாதிரி எழுதியிருக்க. மாமனாரக் கழுவுனதுகூடச் சரியா இருக்கு.”

நிலோபருக்கு ஆறுதலாக இல்லை. தான் புளுகியது அப்படியே உண்மையாக இருந்தது இன்னும் குறுகுறுத்தது.

“ஆனா மத்தியானம் ஓய்வுன்னு வாசிச்சியே, அது மட்டும் பொய்யி” என்றாள் அந்தப் பெண். “அத அடிச்சுரு.”

நிலோபர் பேனாவை எடுத்தாள். உடனே அடிக்க மனம் வரவில்லை.

“அது மத்தவங்க சொன்னதைப் பாத்து எழுதினது இல்லக்கா. முப்பத்தொம்பது பேர்ல ஒருத்தருக்கும் மத்தியானம் படுக்க நேரம் இல்ல. எழுதி எழுதி எனக்கே கஷ்டமாப் போச்சு. பொய்தானே எழுதுறோம், உங்களுக்காவது ஒரு மணி நேரம் இருக்கட்டும்னு நானாக் குடுத்தேன்.”

அந்தப் பெண் தலையில் கட்டியிருந்த முந்தானையை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“நெசமாவே அந்த ஒரு மணி நேரம் படுத்திருந்தா, எங்கக்கா முனியாயி மூணு வருசத்துக்கு முந்தியே செத்திருக்க மாட்டா, தாயி.”