கிரிமினல் எண்டு போடு

"கள்ளன் எண்டு போடாதை பிள்ளை. தமிழில எழுதினால் எரிச்சலில எழுதினது எண்டு நினைப்பினம். 'கிரிமினல்' எண்டு இங்கிலீசில போடு. பொலிசே சொன்ன மாதிரி இருக்கும்."

கிளிநொச்சிச் சந்தைக்கு அருகே டைப்பிங் கடை வைத்திருக்கும் சுதாஜினிக்கு மொட்டைக் கடிதங்கள் புதிதல்ல. முன்னால் இருந்த பெரியவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போனாள். ஆனாலும் பிரசாந்தன் என்ற பெயரை அடிக்கும்போது விரல்கள் ஒருகணம் நின்றுவிட்டன.

"அப்பிடி என்ன ஐயா செய்தவர்?"

"செய்தால் என்ன, செய்யாட்டி என்ன? கலியாணம் முற்றாகிப்போச்சு, அதைக் குழப்பவேணும். கடிதம் பொம்பிளையின்ர தகப்பனுக்குப் போகுது. பக்கத்தில 'ஃபிராட்' எண்டும் போடு."

"ஆரையும் ஏமாத்தினவரோ?"

"சீச்சீ, தங்கமான பெடியன்! என்ர சொந்தத் தங்கச்சியின்ர மகன். குடி, சிகரெட் ஒண்டுமில்லை. அப்பிடி ஒருத்தனை வெளியில விடலாமோ? வீட்டில என்ர மகள் இருக்கிறாளெல்லோ!"

சுதாஜினி முகத்தைச் சுளித்தாள். "பொம்பிளையைக் கண்டிருக்கிறியளோ?"

"தாலி கட்டேக்க பாப்பம் எண்டு விட்டிட்டன். இனி அதுக்கும் தேவையிராது." பெரியவர் சிரித்தார்.

அவள் கடிதத்தை அச்செடுத்தாள். உறையிலும் விலாசத்தை அடித்து நீட்டினாள். வாசித்த பெரியவரின் சிரிப்பு நின்றது.

"நான் இன்னும் விலாசம் சொல்லேல்லையே. பளை எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அது என்ர வீடு, மாமா. முத்திரை ஒட்டவேண்டாம். கடிதம் வந்து சேர்ந்திட்டுது."