பன்னிரண்டு வரைபுகள்

"உது என்ன கூத்து, ரீச்சர்?"

கொம்பியூட்டர் படிப்பிக்கிற ரஜிதனுக்குக் கோபம் பத்திக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணித்தியாலம். பிள்ளைகள் ஒருவரும் இல்லை. கணித ரீச்சர் தாட்சாயினி மட்டும் வரைபு கீறுகிற கல்குலேற்றர் ஒன்றை வயரில் கொழுவி, அதிலிருந்த பைல்களைக் கொம்பியூட்டருக்கு ஏற்றிக்கொண்டிருந்தா.

ஒவ்வொரு பைலுக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயர். மொத்தம் பன்னிரண்டு.

"சுரேகா கலியாணம் கட்டிச் செட்டிகுளத்துக்குப் போட்டாள். கிருபன் கட்டாரில. அவை எப்பிடி ரீச்சர் இண்டைக்கு வரைபு கீறினவை?"

தாட்சாயினியின் முகம் கறுத்துப்போனது. "மெதுவாக் கதையும், தம்பி."

கல்குலேற்றர்களை அனுப்பியது நோர்வேயில் இருக்கிற யோகலிங்கம் ஐயா. ஒருகாலம் ஒட்டுசுட்டானில் கணிதம் படிப்பித்தவர். கிழமைக்கொரு கணக்கு ஈமெயிலில் அனுப்புவார். பிள்ளைகள் வரைபு கீற, ரீச்சர் பைல்களைச் சேர்த்து அவருக்கு அனுப்பவேண்டும். சோதினைக்குக் கொண்டு போகேலாத சாமானை எந்தப் பிள்ளைதான் தொடும்? பதினொரு கல்குலேற்றர் அலுமாரிக்குள் சும்மா கிடக்குது.

"அப்ப உள்ளதை எழுதி விடுறதுதானே?"

"மனுசி செத்தாப் பிறகு அவர் அங்க தனிய, தம்பி. இந்தப் பைலுகளைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார். ஒருதரும் தொடுறேல்லை எண்டு எப்பிடி எழுதுறது?"

வயசுபோன மனுசனை ஏமாத்திப் பேய்க்காட்ட இப்பிடியும் ஒரு சாட்டோ! ரஜிதன் அண்டைக்கே ஐயாவுக்கு ஒன்றும் விடாமல் எழுதிப்போட்டான்.

அனுப்பின பிறகுதான் மனம் குத்தியது. ரீச்சர் குவாட்டர்ஸில் தனிக்கட்டை. தாயும் மூன்று வருசத்துக்கு முந்திப் போய்ச் சேர்ந்தா. ஐயாவின் ஈமெயில் வருகிற நாளில் மட்டும்தான் அவா சிரித்து அவன் கண்டிருக்கிறான். இனி அதுவும் வராது. அதுக்காக? பொய் பொய்தானே!

அடுத்த நாள் பதில் வந்தது.

"அன்பின் தம்பி, எனக்கு இது ரெண்டு வருசமாத் தெரியும். பைல் சேமிச்ச நேரம் அதிலேயே கிடக்குதே! பன்னிரண்டு பிள்ளையளும் வரிசையா, ஏழு நிமிசத்துக்குள்ள, ஒரு பிழையில்லாமல் கீறி முடிக்கினம். முப்பது வருசம் படிப்பிச்சனான், அப்பிடியொரு வகுப்பைக் கண்டதில்லை.

முதல்ல எனக்கும் கோபம்தான். ஆனா ரீச்சர் பைலோட மழை, யானை, பள்ளிக்கூடம் எண்டு நாலு பக்கம் எழுதுறா. வீட்டில கதைக்க ஆளிருந்தா ஆராவது அவ்வளவு எழுதுவினமோ? பாவம், அவாவுக்காகத்தான் நான் விடாமல் கணக்கு அனுப்புறன்.

எனக்குத் தெரியுமெண்டு அவாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தம்பி. பிறகு நாங்கள் ரெண்டு பேரும் எதைச் சாட்டிக் கதைக்கிறது?"