வேலிமுனையில் கையுறைகள்

ஆஸ்லோவில் விடிந்தும் விடியாத காலை. தெருவிளக்குகளின் மஞ்சள் பனிமேல் படிந்துகிடக்கிறது. பெருவிலிருந்து வந்து, போன வாரம் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த வில்மர், வெறுங்கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு தரையையே பார்த்து நடக்கிறான். நேற்று பனியைப் படமெடுக்கக் கழற்றிய கையுறைகளை இந்தப் பக்கம்தான் எங்கோ தவறவிட்டான். "போனது போனதுதான். அக்கா பின்னிக் கொடுத்தது," என்றவன் பூங்கா வேலியருகே சட்டென்று நிற்கிறான். அடுத்தடுத்த கம்பிமுனைகளில் இரண்டும் விரல்விரித்து நிற்கின்றன. கீழே கிடப்பதைக் கண்டவர்கள், தொலைத்தவர் கண்ணில் படட்டுமென்று இப்படி மாட்டிவைத்துப் போவது இந்த ஊர் வழக்கம். "யாரும் எடுத்துட்டுப் போகலையா?" என்று என்னைக் கேட்கிறான். நாயோடு வரும் என் பக்கத்து வீட்டு கூன்வோர் சிரிக்கிறாள். "உன்னோடதாப்பா? எல்லாரும் ஒத்தையைத்தான் தொலைப்பாங்க. ஜோடியா தொலைச்ச முதல் ஆள் நீதான்!" அவன் கையுறைகளை மாட்டிக்கொண்டு குனிகிறான். வேலியடியில், பனியில் பாதி புதைந்து, ஏதோ குழந்தையின் சிவப்புக் கம்பளிக் காலுறை. அதை எடுத்து உதறுகிறான். காலியான முனையில் மாட்டுகிறான். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி திருப்பி வைக்கிறான். கூன்வோர் என்னை முழங்கையால் இடிக்கிறாள். "வந்து ஒரு வாரம்தான் ஆச்சுன்னு சொன்னே?" இந்த ஊரையே என் பெயருக்கு எழுதிவைத்ததுபோல என் நெஞ்சு நிமிர்கிறது.